நல்ல கிருமிகளும் காலி வண்டி எடையும்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எதற்குத் தாழ்ப்பாள் விழும், எதில் பக்கெட் இருந்தும் மக் இருக்காது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெட்ரோல் பங்க் மூன்று, கல்யாண மண்டபம் இரண்டு, பல் டாக்டர் கிளினிக் ஒன்று. அந்தப் பல் டாக்டரிடம் இன்றுவரை நான் வாயைத் திறந்து காட்டியதில்லை. ஆனாலும் அங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டிவிடுவாள். பக்கெட் இருந்தும் மக் இல்லாத இடம் அதுதான்.

எல்லாம் என் வயிறு செய்த வேலை. இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் கூப்பிடும். சாப்பிடாமல் கிளம்பினால் பஸ்ஸுக்குள் கூப்பிடும். மூன்று நாள் ஓட வைக்கும், அடுத்த மூன்று நாள் கல்லாகக் கிடக்கும். ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "புண்ணு இல்ல, கட்டி இல்ல. உங்களுது கொஞ்சம் ரோஷக்காரக் குடல், அவ்ளோதான். ஐ.பி.எஸ்.னு சொல்லுவோம்." வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்த மனுஷனை அன்று கரண்டியால் அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி மேடையேறி நிற்கும், எனக்கு முன்னால் சிவப்பு எழுத்தில் எண் விழும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். முதலில் காலி வண்டி எடை, லோடு ஏற்றி வந்ததும் மொத்த எடை. இதிலிருந்து அதைக் கழித்தால் இரும்பின் எடை. பதினோரு வருஷமாக இதே வேலைதான். கேபினில் கழிப்பறை கிடையாது. டீக்கடைக்குப் பின்னால் இருப்பதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். ஓடினால் நூற்று நாற்பது.

இந்த லட்சணத்தில்தான் என் தம்பி படகு வாங்கினான்.

அவன் பதினாறு வயதிலிருந்து அடுத்தவர் படகில் போனவன். சொந்தமாக ஒரு பைபர் படகு வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சைக் கேட்டாலே நாங்கள் எழுந்து போகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் நிஜமாகவே வாங்கிவிட்டான். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு முதல் தடவை தண்ணீரில் இறங்கும்போது கூடப்பிறந்தவள் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார வேண்டும். அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டியதும் மஞ்சள் தண்ணீரைக் கடலில் தெளிக்க வேண்டும். அப்படியே எண்ணூர்ப் பக்கம் ஒரு சுற்று போய்த் திரும்பி வர வேண்டும். எங்கள் அப்பாவின் படகில் அத்தை உட்கார்ந்தாள். தம்பிக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு எங்களுக்கு நாங்கள்தான்.

"தை மாசம் எறக்கறோம்க்கா. நீ அணியத்துல குந்துற" என்றான்.

"போயி வர எவ்ளோ நேரம்டா?"

"ரெண்டு அவுரு."

"ரெண்டு அவுரா! டேய், என் வயிறு இன்னா நெலமைல கீதுன்னு உனுக்குத் தெரியாது?"

"வயித்த வூட்ல வச்சிட்டு வா. நீ ஏறலன்னா படகு கரையிலயே கெடக்கட்டும். நான் எறக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் சின்னப் பையனாக இருந்தபோது பட்டம் அறுந்து போனால் ஒரு முகம் வைத்துக்கொள்வானே, அந்த முகம் வந்து போனது. எனக்கு அடிவயிறு பிசைந்தது. ரோஷக்கார வயிறு அல்லவா, அதற்கும் பாசம் இருக்கிறது.

கையில் நான்கு வாரம் இருந்தது. அதற்குள் வயிற்றைச் சரி செய்தே தீருவது என்று கிளம்பினேன். மருந்துக் கடைக்காரர்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னார். "ப்ரோபயாட்டிக் அக்கா. உயிரோட கீற நல்ல கிருமி. உள்ள போயி எல்லாத்தையும் சரி பண்ணிடும்." நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். மீனில் கிருமி ஏறக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக ஐஸ் போட்ட குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்துப் பெண் கடையில் போய்க் கிருமியைக் காசு கொடுத்து வாங்குகிறாள், அதையும் கெட்டுப் போகாமல் பிரிட்ஜில் வைக்கிறாள் என்று என் அப்பா கேட்டிருந்தால் கடலுக்குள் அப்படியே நடந்து போயிருப்பார்.

வாங்கினேன். காலை ஒன்று, இரவு ஒன்று மாத்திரை. மறுநாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். அவள் மகன் குடிக்கிற குட்டி பாட்டில், இனிப்புத் தயிர் மாதிரி இருக்கும், அதுவும் நல்ல கிருமிதான் என்றாள். அதையும் வாங்கினேன். அதற்கடுத்த நாள் மருந்துக் கடைக்காரரே ஒரு பவுடர் பொட்டலத்தை எடுத்துப் போட்டார். அது கிருமிகளுக்குச் சாப்பாடாம். வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுப் பட்டினி போடுவது நமக்குப் பழக்கமில்லையே, அதையும் வாங்கினேன். வீட்டுக்காரர் பங்குக்கு, "பழைய சோத்துத் தண்ணிலயும் அதான் கீதாம், எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க" என்று ஒரு சொம்பை நீட்டினார். ஒரே வாரத்தில் நான்கும் எனக்குள் குடியேறின. ஒரு வலைக்கு நாலு வலை போட்டால் மீன் நாலு மடங்கு வரும் என்பது என் கணக்கு.

வந்தது காற்று.

வலையில் சிக்கிய பேத்தை மீனைப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டால் பந்தாக ஊதிக்கொள்ளும். நான்காம் நாள் நான் அப்படித்தான் இருந்தேன். சுடிதார் நாடாவை அவிழ்த்து, அவிழ்த்து, கடைசியில் நாடா போதவில்லை. வயிற்றுக்குள் யாரோ பெஞ்சு நாற்காலிகளை இழுத்துப் போடுகிற மாதிரி சத்தம். எடைமேடையில் சீட்டு அடிக்கிற பிரிண்டர் பழையது, கரகரவென்று கத்தும். அது கத்தும்போது நானும் என் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். கூட்டம் இல்லாத நேரத்தில் வெறும் சீட்டுகளாக அடித்துத் தள்ளினேன். பேப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று முதலாளி கேட்டார். மெஷின் பழசாகிவிட்டது சார் என்றேன். பொய் இல்லை, எந்த மெஷின் என்றுதான் சொல்லவில்லை.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும், அப்பால சரியாயிடும்" என்றார் வீட்டுக்காரர். "உள்ள சண்ட நட்ந்துகினு கீது. நல்லவனுங்க கெட்டவனுங்கள அட்ச்சித் தொரத்தறானுங்க."

"சண்ட நடக்கிறது யாரு வூட்ல? என் வூட்ல. பெஞ்சு ஒடையறது யாருது?"

"அப்ப நல்லவனுங்களுக்கு ஆள் பத்தலன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு பாட்டில் போடு."

போட்டேன். யாருக்குப் புத்தி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரம் வலியும் வந்தது, வேகமும் வந்தது. மேடையில் லாரியை நிறுத்திவிட்டு ஒரே காலையில் மூன்று தடவை ஓடினேன். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. மூன்றாவது தடவை அந்த டீக்கடைக் கழிப்பறைத் தகரக் கதவில் தலையைச் சாய்த்து அழுதேன். வெட்கமாக இருந்தது. தம்பி முகம் ஞாபகம் வந்தது. இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. போகப் போகத் தேறும் என்று பார்த்தால் போகப் போகத் தேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் வண்டி எதுவும் இல்லாதபோது நானே மேடையேறி நின்று பார்த்தேன். ஊதி ஊதி எத்தனை கிலோ ஏறியிருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா? எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எழுபது என்றது. கீழே இறங்கி, இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து போய் வந்து, மறுபடி ஏறினேன். அதே எழுபது. இரும்புக்குப் பிறந்த மெஷினுக்கு என் கஷ்டம் எங்கே தெரியும்!

அன்று மத்தியானம்தான் அந்த டிரைவர் வந்தார். கம்பி லோடு. நேராக லோடோடு மேடையில் ஏற்றிவிட்டார்.

"காலி எடை எப்ப போட்ட?" என்றேன்.

"போடலக்கா. வண்டி புக்குல எழுதிகீது, அத்த கழிச்சிக்கோ."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கேபின் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பாதி உடம்பு வெளியே வந்துவிட்டேன். "புக்குல கீறது வண்டி பொறந்த அன்னிக்குப் போட்ட எடைய்யா! இன்னிக்கு டேங்க்ல எவ்ளோ டீசல் கீது? தார்ப்பாய் நனைஞ்சி கீதா, காஞ்சி கீதா? ஸ்டெப்னி கீதா? உள்ள கிளீனர் தூங்கிக்கினு கீறானா? எல்லாத்தையும் ஏத்திக்கினு வந்துட்டு, இதுல எது எவ்ளோன்னு என்னாண்ட கேட்டா நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்? காலி வண்டி நிக்காம ஒரு கணக்கும் சொல்ல முடியாது!"

"யக்கா, ஒரு சீட்டு கேட்டேன், அதுக்கு இம்மாம் பேச்சா?" என்று அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

நான் அப்படியே பாதி வெளியே, பாதி உள்ளே நின்றேன். யாரைத் திட்டினேன்? மாத்திரை, பாட்டில், பவுடர், பழைய சோற்றுத் தண்ணீர், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றிக்கொண்டு, எது என்னை ஊத வைக்கிறது என்று தெரியாமல், மேலும் இரண்டு பாட்டிலை ஏற்றியவள் யார்? பதினோரு வருஷமாக ஊரில் உள்ள டிரைவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் தன் வண்டிக்குக் காலி எடை போடவில்லை. தனியாக நின்று கைகொட்டிச் சிரித்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். வாங்கிய மூன்றையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினேன். சொம்பை மட்டும் கொண்டு போகவில்லை, வாயால் சொன்னேன்.

"மேடம், இது நல்லது பண்ணும்னாங்க. எனக்கு மோசமாதான் ஆச்சு. அப்படிகூட ஆகுமா?"

"ஆகலாம்மா. சிலருக்கு நல்லா கேக்குது. சிலருக்கு ஒண்ணுமே பண்றதில்ல. சிலருக்கு உப்புசம், காத்து, வலி எல்லாம் கூடிடுது. ஆரம்பத்துல கொஞ்சம் ஊதி, சில நாள்ல தானா அடங்கறதும் உண்டு. அடங்காம ஏறிக்கிட்டே போச்சுன்னா அதைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது, நிறுத்திடணும். கிருமியிலயே பல வகை இருக்கு. எந்த வகை யாருக்கு ஒத்துக்கும்னு முன்னாடியே சொல்ல எனக்கும் வழி தெரியாது." பவுடர் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தார். "இதுல இருக்கிறது ஒரு நார். குடல்ல புளிச்சு காத்தாகும், உங்க மாதிரிக் குடலுக்கு அதுவே பெரிய பாரம். இந்த பாட்டில்ல பாலும் சர்க்கரையும் வேற. இப்ப கிருமி மேல கேஸ் போடறதா, அதுக்கு நீங்க போட்ட சாப்பாட்டு மேல போடறதா?"

"காலி எடை போடல மேடம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான்மா. எல்லாத்தையும் நிறுத்துங்க. பழைய நிலைமைக்கு வாங்க, அதுதான் உங்க காலி எடை. அப்புறம் வேணும்னா ஒண்ணே ஒண்ணு, ஒரு நாலு வாரம், தினமும் எழுதி வச்சுப் பாருங்க. உதவலன்னா தூக்கிப் போடுங்க. ரத்தம் போனாலோ, காரணம் இல்லாம உடம்பு இளைச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காம வாங்க." பிறகு படகு விஷயத்தையும் கேட்டுக்கொண்டார். "மூளைக்கும் குடலுக்கும் நேர் லைன் இருக்கு. 'அங்க போக இடம் இருக்காதே'ங்கிற பயம் போதும், பாதி வேலைய அதுவே பண்ணிடும்." பயத்துக்கு என்ன மாத்திரை என்று கேட்டேன். வயிற்றுப் பிடிப்புக்குத்தான் எழுதிக் கொடுத்தார்.

மீதியிருந்த பாட்டில்களைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் படுபாவிக்கு அது ஒன்றுமே செய்யவில்லை. தினமும் ஒன்று குடித்துவிட்டு, "ஷோக்கா கீதுக்கா, இன்னும் கீதா?" என்று போன் செய்தான். எனக்குப் பத்து நாளில் ஊதல் இறங்கியது, நாடா மறுபடி போதுமானதாக ஆனது. பழைய வயிறு திரும்பி வந்தது. காலையில் பஸ் ஸ்டாப்பில் அது கூப்பிட்டபோது, வா ராசா என்று வரவேற்றேன். ஆனால் அது பழைய வயிறுதான், குணமான வயிறு இல்லை. படகு இறங்க மூன்று நாள் இருந்தது.

தம்பியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "என்னால முடியாதுடா. நடுக்கடல்ல எனுக்கு வந்துச்சின்னா அசிங்கமாயிடும். நான் கரையில நின்னு தண்ணி தெளிக்கிறேன்." அவன் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே "செரிக்கா" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டேதான் சீட்டு அடித்தேன்.

படகு இறங்குகிற அன்று காலை ஏழு மணிக்குக் காசிமேட்டுக்குப் போனேன். சாமந்தி மாலை, வாழைக்கன்று, பலூன் எல்லாம் கட்டிப் படகு மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதன் பின்பக்கம் பார்த்தேன். நான்கு இரும்புப் பைப் நட்டு, சுற்றிலும் நீலத் தார்ப்பாய் கட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு. அதற்கும் ஒரு மாலை.

"இன்னாடா அது?"

"உன் ரூமு" என்றான். தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் ஒரு டிரம், பக்கத்தில் பக்கெட் நிறையத் தண்ணீர். பக்கெட்டோடு நைலான் கயிற்றில் கட்டிய மக். "அல அட்ச்சா மக் கடல்ல பூடும்னு கட்டி வச்சிகீறேன். உனுக்குத்தான் மக் இல்லன்னா கோவம் வருமே."

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது, நானும் படகேறினேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. அணியத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்குக் கடல் ஆகாது. தம்பி பின்னால் சுக்கானைப் பிடித்தான்.

அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டினோம். மஞ்சள் தண்ணீரைத் தெளித்தேன், பாதி என் மேலேயே வந்து விழுந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் சிறுத்துப் போயின. எண்ணூர்ப் புகைபோக்கிகள் எதிரே வந்தன. அலையில் முனை தூக்கித் தூக்கிப் போட்டது, நான் ஊ என்று கத்தினேன், நாற்பத்து நான்கு வயதில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, என் வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் நீலத் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது. இடம் இருக்கிறது என்று வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்ததால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

"அக்கா!" என்று ஒரு குரல். திரும்பினேன். தம்பி முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "ஜல்தி வா. சுக்கானப் புடி."

"இன்னாடா ஆச்சு?"

"புடின்றேன்ல!"

தட்டுத் தடுமாறிப் போய்ப் பிடித்தேன். அவன் தார்ப்பாயை விலக்கி உள்ளே பாய்ந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"திரும்பிப் பாக்காதக்கா!"

"பாக்கல. காலைலயே இன்னாடா துன்ன?"

"ஒண்ணும் துன்னல. சொந்தப் படகாச்சே, ராவெல்லாம் தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு கீது. உன் பாட்டிலு ஆறு மிச்சம் இருந்துச்சி, அத்தினியும் ஒரே மூச்சுல குட்ச்சிட்டேன்."

கரை வரைக்கும் கேட்கும்படி சிரித்தேன். வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அடப்பாவி, இப்ப இது பாட்டில் வேலையா, பய வேலையா?"

"எனுக்கு இன்னாக்கா தெரியும்!"

"காலி எடை போட்டியாடா?" என்றேன்.

உள்ளிருந்து பக்கெட்டில் மக் மோதுகிற சத்தம்தான் வந்தது. அவன் வெளியே வருகிறவரைக்கும் தம்பியின் படகை நான்தான் ஓட்டினேன்.